விலைக்கு வாங்கிய நூற்று முப்பது பேர்

“கஸ்டமரு இன்னா ஆட்டுத்தோலா, மண்டிக்குப் போயி லாட்டா வாங்கியாறதுக்கு?” என்று கேட்டார் என் மாமா.

அவர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முப்பது வருடமாகத் தோலைத் தரம் பிரிக்கிறவர். மேஜையில் விரித்த தோலை உள்ளங்கையால் ஒரு முறை தடவினால் போதும், இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிவு என்று சொல்லிவிடுவார். காசு கொடுத்து வாங்குகிற எதையும் அப்படித் தடவிப் பார்க்க முடியவேண்டும் என்பது அவர் கொள்கை. என் தொழிலில் தடவிப் பார்க்க ஒன்றுமே இல்லாததால் அதைத் தொழில் என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. “ஏதோ கம்ப்யூட்டர்ல உக்காந்துக்கினு இருக்குது” என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிவந்தார்.

ஒரு கம்பெனிக்கு வெப்சைட் இருந்தால் அது எங்காவது ஒரு கம்ப்யூட்டரில் இருபத்து நான்கு மணி நேரமும் அணையாமல் குடியிருக்கவேண்டும். கம்பெனி பெயரில் வருகிற மெயிலும் அங்கேதான் வந்து விழும். அந்த இடத்தை வாடகைக்கு விடுவது என் தொழில். வெப் ஹோஸ்டிங் என்பார்கள். மும்பையில் ஒரு பெரிய சர்வரை மொத்தமாக எடுத்து, அதைக் கூறு போட்டு, இங்கே இருக்கிற தோல் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் விடுகிறேன். ஆம்பூர் பஜாரில் ஒரு செராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. நான், ஒரு லேப்டாப், ஒரு இன்வெர்ட்டர். அவ்வளவுதான் கம்பெனி.

அம்மா ஷூ கம்பெனியில் பசை தடவுகிற வேலையில் இருக்கிறார். அப்பா கூலிக்குக் கரும்பு வெட்டுவார். கையெழுத்து கேட்டால் பெருவிரலை நீட்டுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதல், பட்டம் வாங்கியதும் நான்தான் முதல். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது.

நான்கு வருடத்தில் நாற்பத்தோரு கஸ்டமர்கள் கிடைத்தார்கள். ஒவ்வொருவரையும் எப்படிப் பிடித்தேன் என்று நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப் ஆபீசில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, “அப்பா வரலையாம்மா? பெரியவங்க யாராச்சும் வந்தா பேசலாம்” என்றார்கள். ராணிப்பேட்டையில் ஒருவர், வெப்சைட் என்பது வாசலில் மாட்டுகிற போர்டு மாதிரி ஒரு தடவை காசு கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் வாடகை என்றதும், “இன்னாமா, கரண்டு பில்லு மாதிரி கேக்கற?” என்று சிரித்தார். ஆமாம், கரண்ட் பில் மாதிரிதான். இதைப் புரியவைக்க எனக்கு நான்கு டீ ஆனது.

இந்த வேகத்தில் போனால் எனக்கு நாற்பது வயது தாண்டும்போதுதான் இருநூறு பேர் சேர்வார்கள். அப்போதுதான் இதே தொழிலில் இருந்த ஒரு வேலூர்க்காரர் அதை விட்டுவிட்டு மகனோடு வெளிநாடு போகிறார் என்று கேள்விப்பட்டேன். பதினான்கு வருடமாக இந்தப் பக்கத்தில் ஹோஸ்டிங் நடத்தியவர். நூற்று முப்பது கஸ்டமர்கள். எல்லோரையும் யாரிடமாவது விற்றுவிட்டுப் போக நினைத்தார். சென்னையில் ஒரு கம்பெனி பெரிய கஸ்டமர்களை மட்டும் பொறுக்கிக் கேட்டதாம். நான் அத்தனை பேரையும் கேட்டேன். நான்கு வருடம் சேர்த்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா ஆட்டுத்தோல் கேள்வியைக் கேட்டது அந்த வாரம்தான்.

அவரை முறைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆனால் கேள்வி அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை என்பது எனக்குத் தெரியும். தோலை வாங்கினால் தோல் எழுந்து நடந்து போகாது. கஸ்டமர் போவார். நூற்று முப்பது பேரில் எத்தனை பேர் என்னோடு நிற்பார்கள் என்பதில்தான் என் காசும் என் தொழிலும் இருந்தன.

வாங்கியதும் முதல் வேலையாக அந்த நூற்று முப்பது வெப்சைட்டுகளையும் திறந்து பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். எட்டுக் கம்பெனிகளின் ‘எங்களைப் பற்றி’ பக்கம் ஒரே பக்கம், எழுத்துக்கு எழுத்து. அதில் ஒருவர் பக்கத்துக் கம்பெனியின் பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே போட்டு ஆறு வருடமாக வைத்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட. எல்லாக் கஸ்டமர்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு: வேலூர்க்காரரின் கார் நம்பர்.

இந்தப் பக்கத்தில் வியாபாரம் கைமாறினால் பழையவர் புதியவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பார்ட்டியிடமும் நேரில் நிறுத்தி, “இனிமே இவர்தான்” என்று சொல்லவேண்டும். கடிதம், மெயில் எல்லாம் கணக்கில் வராது. முகம் பார்த்துச் சொன்னால்தான் சொன்னது. வேலூர்க்காரரும் அந்த முறைப்படி என்னைக் காரில் கூட்டிப்போனார். முதலில் மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப்.

“இது நம்ம ஆபீஸ் பொண்ணு. இனிமே எல்லாம் இதுதான் பாத்துக்கும்” என்றார்.

இது. நான் வணக்கம் சொன்னேன்.

காரில் ஏறியதும் கேட்டேன். “ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? நான் உங்க ஆபீஸ்ல எப்ப வேல செஞ்சேன்?”

“அட, இன்னாமா நீ. வித்துட்டேன்னு சொன்னா அவன் ஆயிரம் கேள்வி கேப்பான். யாரு, எங்க, ரேட்டு ஏத்துவாங்களா, ஒரே பேஜாரு. பொண்ணு மாறிடுச்சுன்னா ஒண்ணும் கேக்க மாட்டான். ஆபீஸ்ல பொண்ணுங்க மாறிக்கினேதான இருப்பாங்க.”

“எப்ப சார் உண்மையச் சொல்றது?”

“எதுக்குச் சொல்லணும்? வாடகை உன் அக்கவுண்டுக்கு வருது. அதான வேணும்?”

அதுதான் வேணும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இடத்திலும் ஆபீஸ் பொண்ணாக நின்றேன். மூன்றாவது இடம் ஆம்பூரில் ஒரு கையுறை கம்பெனி. தோட்ட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் தோல் கையுறை தைத்து ஜெர்மனிக்கு அனுப்புகிறவர்கள். அதன் முதலாளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இவர் ஒருவர் மட்டும் இல்லை. தம்பி, மச்சான், சம்பந்தி, சித்தப்பா மகன் என்று இவர் கைகாட்டி வந்த கம்பெனிகள் இருபத்திரண்டு. இவர் எங்கே மெயில் வைத்திருக்கிறாரோ அங்கேதான் அவர்களும். நான் வாங்கிய நூற்று முப்பதில் இவர்தான் நடுத்தூண் என்று வேலூர்க்காரர் காரிலேயே சொல்லியிருந்தார்.

“யாரு போன் எடுத்தாலும் பரவால்லமா” என்றார் கையுறைக்காரர். “மெயில் மட்டும் நிக்கக் கூடாது. சரக்கு வாங்கற பையர் மெயில் போடுவான், பதில் வரலன்னா அடுத்த கம்பெனிக்குப் போட்டுடுவான். அவ்ளோதான்.”

“நிக்காது பாய்” என்றேன். ஆபீஸ் பொண்ணு கொடுத்த வாக்கு.

அடுத்து எல்லோரையும் பழைய சர்வரிலிருந்து என் சர்வருக்கு மாற்றவேண்டும். எந்த நாள் மாற்றுவது? வேலூர்க்காரர் பதினான்கு வருடமும் ரிப்பேர் வேலையை ஞாயிற்றுக்கிழமைதான் செய்துவந்தார். ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் பாதி தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை தோல் பதனிடுகிற டிரம் சுற்றும். ஒவ்வொரு தடவையும் போன் போட்டுத் திட்டுவார்களாம். “சண்டே ஆனா இவனுங்களுக்கு ஏன்தான் இப்படிக் கோவம் வருதோ” என்று என்னிடமே ஆச்சரியப்பட்டார். பதினான்கு வருடம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் இந்த மண்ணில் பிறந்தவள், எனக்குத் தெரியாதா, முதல் தவணையாகக் கையுறைக்காரரையும் அவர் வகையறாவையும் வெள்ளிக்கிழமை மாற்றுவது என்று வைத்தேன்.

சர்வர் மாறினால் கம்பெனியின் இணையப் பெயர் எந்தப் பக்கம் கைகாட்டுகிறதோ அதையும் மாற்றவேண்டும். அந்தப் பெயர்கள் பதிவான இடத்தின் சாவி இன்னும் வேலூர்க்காரரிடம் இருந்தது. பதினோரு மணிக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். பதினொன்றரைக்கு போன் செய்தேன்.

“முடிஞ்சிச்சுமா, நீ பாத்துக்க” என்றார். பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

பெயர் மாற்றம் உலகமெல்லாம் பரவச் சில மணி நேரம் ஆகும். அதனால் உடனே தெரியாததில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முன்பே என் சர்வரில் நகலெடுத்து வைத்திருந்த கையுறைக்காரர் வகையறாவின் மெயில் பெட்டிகளைப் பழைய சர்வரிலிருந்து அழித்தேன், மெயில் இரண்டு இடத்தில் விழுந்து குழம்பக்கூடாது என்று. பிறகு கீழே இறங்கிப் போய் டிபன் சாப்பிட்டேன். திருப்தியாகவே சாப்பிட்டேன்.

இரண்டு விஷயம் எனக்குத் தெரியவில்லை. ஒன்று, ஆம்பூருக்கு வெள்ளிக்கிழமை லீவு என்றால் ஜெர்மனிக்கும் லீவா? அங்கே அது வாரத்தின் கடைசி வேலை நாள், இருக்கிற மெயிலையெல்லாம் போட்டு முடிக்கிற நாள். இரண்டு, முதலாளிகள் மெயில் பார்ப்பதே வெள்ளிக்கிழமைதான். மற்ற நாளில் டிரம், லேபர், லாரி என்று ஓடுகிறவர்கள், ஜும்மா தொழுதுவிட்டு வீட்டில் சாப்பிட்டு முடித்து, சட்டை மாற்றாமல் லேப்டாப் முன்னால் உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்த வேலூர்க்காரரைப் பார்த்துச் சிரித்தவள், வெள்ளிக்கிழமை என்று நினைத்து அதைவிடப் பெரிய பள்ளத்தில் விழுந்தேன்.

கையுறைக்காரருக்கு ஜெர்மனியிலிருந்து போன் வந்திருக்கிறது. ‘இப்படி ஒரு முகவரியே இல்லை’ என்று மெயில் திரும்பி வருகிறது, கம்பெனியை மூடிவிட்டீர்களா என்று பையர் கேட்டிருக்கிறான். அவர் எனக்கா போன் செய்வார்? ஆபீஸ் பொண்ணுக்கு யார் போன் செய்வார்கள்? வேலூர்க்காரருக்குச் செய்தார். வேலூர்க்காரர் எனக்குச் செய்தார்.

“ஏம்மா, இன்னா பண்ண? பாய் கத்தறாரு. நான் சமாளிச்சுட்டேன். புதுப் பொண்ணு, தெரியாம கைய வெச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

“நீங்க மாத்திட்டேன்னு சொன்னீங்களே சார்?”

“மாத்தலாம்னுதாமா இருந்தேன். கல்யாணத்துல இருக்கேன். அதுக்குள்ள பந்தி போட்டுட்டான்.”

கெட்ட வார்த்தை எனக்கு நான்கைந்து தெரியும். ஒன்றையும் சொல்லாமல் அவருடைய லாகின் கேட்டேன். சொன்னார். ஓடிபி கேட்டேன். வாயில் எதையோ மென்றுகொண்டே ஆறு எண்களையும் படித்தார். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் அந்த வகையறாவின் பெயர்களையெல்லாம் என் பக்கம் திருப்பினேன், அழித்த பெட்டிகளைப் பழைய இடத்திலும் திரும்ப உண்டாக்கினேன். மூன்று மணி நேரம் மெயில் நின்றிருந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் பட்டியலைப் பார்த்தேன். நூற்று முப்பது பெயர்களில் நூற்றுப் பதினேழுக்கு உரிமையாளர் என்ற இடத்தில் வேலூர்க்காரரின் பெயர் இருந்தது. அவர் வீட்டு முகவரி, அவர் மெயில், அவர் போன். கம்பெனி வாசலில், பெட்டியில், விசிட்டிங் கார்டில், கையுறையின் உள்பக்கத்தில்கூட அச்சடித்து வைத்திருக்கிற அந்த இணையப் பெயர் எழுத்தில் அவர்களுக்குச் சொந்தமே இல்லை. அவர் நினைத்தால் நாளைக்கே வேறொருவனுக்கு விற்கலாம். யாரும் எங்கேயும் போகமுடியாமல் பதினான்கு வருடம் நின்றதற்கு இதுதான் காரணம். நானோ அதை விசுவாசம் என்று நினைத்து விலை கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை வேலூருக்குப் போனேன்.

“அதுக்கு இன்னா இப்ப?” என்றார். கொஞ்சமும் கூச்சம் இல்லை. “அவனுங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? நான்தான் பதிஞ்சேன், என் பேர்ல பதிஞ்சேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் உன் பேருக்கு மாத்திக் குடுத்துடறேன். பால் மாட்டை வித்தா கயிறோட தான குடுப்பாங்க? கயிறு உன் கையில இருக்கற வரைக்கும் ஒருத்தனும் நகர மாட்டான்.”

“எங்க ஊர்ல மாட்டை வித்தா கயிற அவுத்து வெச்சிக்குவாங்க சார். வாங்கறவன்தான் புதுக் கயிறு கொண்டாரணும்.”

“பாத்தியா, கயிறு இல்லாம மாடு நிக்காதுன்னு உனக்கும் தெரிஞ்சிருக்கு” என்று சிரித்தார். “சரி, எப்படி வேணும்? உன் பேருக்கா? சொல்லு.”

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அவர்கள் பெயருக்கே மாற்றிக்கொடுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போவதற்குக் காரணமும் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றிக்கொண்டால் நான்கு வருடக் காசு பத்திரம்.

அம்மாவிடம் சொன்னேன். “பேசாம உன் பேருக்கு மாத்திக்க” என்றார், இட்லிக்கு மாவைக் கரைத்துக்கொண்டே. “அவங்க இன்னா, பசியாலயா துடிக்கறாங்க?”

இதைச் சொன்னது என் அம்மா என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்டம் வாங்கியதும் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சேரும் அன்றே பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி என்று ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையும் வாங்கி ஒரு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றார்கள். நான் கேட்டேனா? வேலையை விட்டபோது அவற்றைத் திரும்ப வாங்க ஏழு மாதம் ஆனது. அதில் ஒரு நாள் அம்மா லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து, அந்தக் கம்பெனி கேட்டில் காவல்காரரிடம் கெஞ்சினார். எங்கள் வம்சத்திலேயே எழுத்தில் இருக்கிற ஒரே சொத்து அந்தக் காகிதங்கள். அதை இன்னொருவன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, நான் அங்கே விரும்பி வேலை செய்வதாக ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தான்.

“கேட்டுல நின்னியே, மறந்துட்டியா?” என்றேன்.

“நின்னதாலதான் சொல்றேன்” என்றார் அம்மா. “வெச்சிருக்கறவன் கைதான் ஓங்கி இருந்துச்சு.”

அம்மா சொன்னது சரிதான். எனக்குத்தான் அந்த அலமாரிக்காரனாக இருக்கப் பிடிக்கவில்லை. இதில் பெரிய நியாயம் எதுவும் இல்லை, வெறும் திமிர் என்றே வைத்துக்கொள்ளலாம். பூட்டி வைத்தால்தான் என்னிடம் நிற்பான் என்கிற கஸ்டமரை வைத்து நான் என்ன பெரிய ஆள் என்று சொல்லிக்கொள்வது?

அவரவர் பெயருக்கே மாற்றப்போகிறேன் என்று வேலூர்க்காரரிடம் போனில் சொல்லி, ஓடிபிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, புதன்கிழமை கையுறைக்காரரிடம் தனியாகப் போனேன். ஜெர்மனிக்காரனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலூர்க்காரர் விற்றுவிட்டார், வாங்கியது நான், வெள்ளிக்கிழமை மெயில் நின்றது சரிபார்க்காமல் அழித்த என் தப்பு, உங்கள் இணையப் பெயர் உங்கள் பெயரில் இல்லை, அதை உங்களுக்கு மாற்றிக்கொடுக்க வந்திருக்கிறேன்.

அவர் கடிதத்தை மேஜையில் வைத்தார்.

“அப்ப நீ ஆபீஸ் பொண்ணு இல்ல?”

“இல்ல பாய். ஓனர்.”

“அன்னிக்கு அவரு சொல்லும்போது ஏன் சும்மா நின்ன?”

இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குக் கூச்சம் தந்த கேள்வி அது ஒன்றுதான். நல்லவேளையாக அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோபம் வந்துவிட்டது. வேலூர்க்காரர் மேல் இல்லை, என் மேல்.

“பதினாலு வருஷமா அந்தாளு கையில பேரு இருந்துச்சு. ஒரு நாள், ஒரு நாள் பேர வெச்சி எனக்கு ரோதன குடுத்தாரா? நீ வந்து மூணு வாரம் ஆவல. மெயிலும் நின்னுச்சு, பேரும் என்னுது இல்லன்ற. நான் யார நம்பறது?”

“என்னைய நம்ப வேணாம் பாய். பேர வாங்கிக்கங்க. உங்களுக்கு இப்ப ஒரு மெயில் வரும். அத அமுக்கினீங்கன்னா உங்க பேருக்கு வந்துடும். அப்புறம் நீங்க யார்கிட்ட வேணா போலாம்.”

“போலாமா?”

“போலாம்.”

“இத எதுக்கு நீயே வந்து சொல்ற?” என்று கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்து அமுக்கினார். டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பதாவது நாள் போய்விட்டார். வேலூர்க்காரரிடம் பெரிய கஸ்டமர்களை மட்டும் கேட்டதே, அதே சென்னைக் கம்பெனிக்கு. போன் செய்தால் முதலில் இந்திப் பாட்டு, பிறகு ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிற கம்பெனி. அங்கே அவர் மெயில் நின்றால் யாரிடம் கத்துவார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னமும் ஆசை. அவர் வகையறாவில் பதினாறு பேர் பின்னாலேயே போனார்கள். ஆறு பேர் நின்றார்கள். நின்றவர்களில் ஒருவர் அவருடைய சம்பந்தி. ஏன் போகவில்லை என்று நானே கேட்டுவிட்டேன்.

“அவருக்குத் தும்மல் வந்தா எனக்கு ஜலதோஷம் வரணுமா?” என்றார். “பொண்ணு குடுத்தேன், மூளையையுமா குடுத்தேன்?”

மற்றவர்களுக்கும் கடிதம் அனுப்பினேன், நேரிலும் போனேன். தங்களுக்குச் சொந்தமானதைத் தாங்களே வாங்கிக்கொள்ள மனிதர்கள் இவ்வளவு அடம்பிடிப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. இது மோசடி மெயில் என்று ஒருவர் என் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டு ஊரையே எச்சரித்தார். இதற்கு ஜிஎஸ்டி உண்டா என்று ஒருவர் கேட்டார். பேரணாம்பட்டில் ஒருவர், “நீங்களே வெச்சிக்கங்கம்மா, எங்க கையில குடுத்தா தொலச்சிடுவோம்” என்றார். வருகிற மெயிலைத் திறந்து ஒரு முறை அமுக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்கு நான் மூன்று பஸ் மாறிப் போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டியிருந்தது. பாஸ்வேர்டு மறந்தவர்கள், மெயில் பார்ப்பது மருமகன்தான் என்றவர்கள், மருமகன் துபாயில் இருக்கிறார் என்றவர்கள்.

இரண்டு மாதத்தில் நூற்றுப் பதினேழு பெயர்களும் அவரவர் பெயருக்குப் போயின. மொத்தம் முப்பத்தொன்பது பேர் என்னை விட்டுப் போனார்கள். தொண்ணூற்றோரு பேர் நின்றார்கள். போனவர்களுக்கும் சேர்த்து நான் விலை கொடுத்திருந்தேன். அது வலிக்காமல் இல்லை. ஏர்போர்ட்டில் இருந்து வேலூர்க்காரர் போன் செய்து, “நான்தான் சொன்னேனேமா” என்று ஆறுதல் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் எனக்கு ஆறுதல் சொன்னதில்லை.

நின்ற தொண்ணூற்றோரு பேரில் பாதிப் பேர் சோம்பேறித்தனத்தால் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். கதவு திறந்திருக்கிறது என்று அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகும் நிற்கிறவனை என் கஸ்டமர் என்று சொல்ல எனக்கு வாய் கூசாது.

போன மாதம் வாலாஜாபேட்டையிலிருந்து ஒருவர் போன் செய்தார். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறவர். பக்கத் தொழிலாக ஐம்பத்து நான்கு பேருக்கு ஹோஸ்டிங். அரிசி மில், பட்டுக் கடை, ஒரு நர்சிங் ஹோம். கண் பார்வை சரியில்லை, விற்கப் போகிறேன், வேலூர்க்காரர் கஸ்டமரை வாங்கியது நீதானே என்றார். நான்தான் என்றேன்.

“இங்கயும் பேரெல்லாம் என் பேர்லதாமா இருக்கு. பயப்படாத. கெட்டியா இருக்கு.”

“அத மொதல்ல அவங்க பேருக்கு மாத்துங்க சார். ஒரு மாசம் விட்டுப் பாப்போம். அப்புறம் நிக்கறவங்களுக்கு மட்டும் நான் வெல குடுக்கறேன். வித்தது நீங்க, வாங்கினது நான்னு நீங்களே நேர்ல சொல்லணும்.”

“அப்படிப் பண்ணா பாதிப் பேரு ஓடிடுவாம்மா!”

“ஓடட்டும் சார். ஓடறவனுக்கு நான் ஏன் வெல குடுக்கணும்?”

போனை வைத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். ஐந்தாவது நாள் அவரே கூப்பிட்டார். மாற்றுவது எப்படி என்று தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை, வந்து செய்துகொடுக்க முடியுமா என்றார்.

நேற்றுக் காலை பஸ் ஏறி வாலாஜாபேட்டைக்குப் போனேன். அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில், அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து, அவர் பக்கத்தில் நின்று போனை மூக்கருகே பிடித்து ஓடிபி படிக்க, முதல் பதினோரு பெயர்களை அவற்றின் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். நான் கிளம்பும்போது நான்கு பேர் அமுக்கியிருந்தார்கள்.